படத்தின் ஆன்மா

சனிக்கிழமை ஜார்ஜ் டவுன் ரசிகர் மன்றத்தில் சூப்பர் ஹீரோ படத்தின் இரண்டாம் பாகம். இயக்குநரே மீட்டெடுத்த நான்கு மணிநேரப் பதிப்பைப் போடலாம் என்றாள் செயலாளர் சாந்தினி. தலைவர் திருநாவுக்கரசு வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்.

"கூடாதும்மா! நிபோங் திபால்லேருந்து என் சம்பந்தி வீடே வருதுலா. தியேட்டர்ல வந்ததையே போடு. இந்த நாலு மணிநேரப் படத்துல டைரக்டரு ஆன்மாவையே வெட்டிட்டாரு!"

"அண்ணே, ஒன்றரை மணிநேரம் சேர்த்துல்ல இருக்காரு?"

"நம்ம சூலியா ஸ்ட்ரீட்ல எடுத்த காட்சி எங்க?"

சாந்தினி இரண்டையும் ஓட்டிப் பார்த்தாள். உண்மைதான், இரண்டு விநாடி காணோம். தியேட்டர் பதிப்பில் ஹீரோ வானத்திலிருந்து விழ, கூட்டமே அலறி ஓடியது. ஒருவர் மட்டும் நின்று, கேமராவைப் பார்த்துத் தலை வாரிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இது நீங்கதானே?"

"அந்த ஆன்மாவைப் பார்க்கத்தாம்மா சம்பந்தி வீடே வருது!"