வட்ட மூடி

மெக்கானிக்கைக் கூப்பிடாமல் தானே காருக்கு ஆயிலும் ஃபில்டரும் மாற்றிவிட்டதில் ஞாயிற்றுக்கிழமை காலை தணிகாசலத்துக்குப் பெருமை பிடிபடவில்லை. பழைய ஃபில்டரை மாடிக்குக் கொண்டுபோய் மனைவிக்குக்கூடக் காட்டினான். டப்பில் வடிந்து கிடந்த நாலு லிட்டர் கறுப்பு ஆயிலை எங்கே கொட்டுவது என்றுதான் அவன் பார்த்த வீடியோவில் சொல்லவில்லை. சுவரோரம் ஓட்டை போட்ட வட்டச் சிமெண்ட் மூடி ஒன்று இருந்தது. சாக்கடை என்று நினைத்து ஊற்றிவிட்டான். கடைசிச் சொட்டும் இறங்கிய பிறகுதான் மூடியில் 'மழைநீர் சேகரிப்பு' என்று எழுதியிருந்தது கண்ணில் பட்டது. பத்தடி தள்ளிக் கிணறு. யாரிடமும் அவன் மூச்சு விடவில்லை.

வியாழக்கிழமை மழை கொட்டித் தீர்த்தது. மறுநாள் கீழ்வீட்டுப் பரிமளா அக்கா அவனைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள்.

"தம்பி, இதக் கொஞ்சம் பாருங்களேன். இப்பதான் எறைச்சேன், கொடத்துத் தண்ணி மேல மயில் கழுத்து மாதிரி என்னமோ மினுங்குது."

நகக்கண்ணில் இன்னும் போகாத கறுப்பு தெரியாமல் விரல்களை மடக்கிக்கொண்டு குனிந்தான்.

"அது வந்துக்கா..."

"நான்தான் கொடத்தச் சரியா வெளக்கல போல. நேத்து மீன் கழுவுன கை," என்று கூசிப்போய்ச் சிரித்தாள். "மாமியார் காதுல விழுந்தா நான் தொலைஞ்சேன். நீங்க யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

புளி போட்டுக் குடத்தைத் தேய்த்தாள். மறுபடியும் இறைத்தாள். மேலே மிதந்ததை உள்ளங்கையால் வழித்து எறிந்துவிட்டு, குடத்தோடு உள்ளே போய் இரண்டு டம்ளர் காபியோடு வந்தாள். ஒன்றை அவனிடம் நீட்டினாள்.

"சொல்ல மாட்டீங்கல்ல?"

"மாட்டேன்க்கா," என்றான்.

அவள் தன் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனாள்.