வெண்டலின் அடைப்புக்குறிகள்

"எழுந்து ஜன்னல் பக்கம் போகிறான், மழை வரும்போல இருக்கு ஹெலன்" என்று நாடகப் புத்தகத்தைப் பார்த்து வாசித்தான் வெண்டல், ஒரே மூச்சில், நாற்காலியை விட்டு அசையாமல்.

எதிரே ஹெலனின் வசனங்களைப் படித்துக்கொண்டிருந்த அவன் மனைவி அர்லீன் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடைப்புக்குறிக்குள்ள இருக்கிறதைச் செய்யணும், வெண்டல். வாயால சொல்லக் கூடாது. எத்தனை தடவை சொல்றது?"

மூன்று வாரமாக இதே கூத்து. முத்தம் கொடுக்கிறான் என்றிருந்தால், முத்தம் கொடுக்கிறான் என்று வாசிப்பான். போன ஒத்திகையில் "விசும்பி அழுகிறான்" என்று கணீரென அறிவித்து, சர்ச் கூடம் முழுக்கச் சிரிக்க வைத்தான். நாளையும் இப்படியே வந்து நின்றால் அந்த வேடம் ஊர்ப் பல் டாக்டருக்குப் போய்விடும் என்று இயக்குநர் கார்லா கறாராகச் சொல்லிவிட்டாள்.

அவனை நாடகத்தில் சேர்த்துவிட்டதே அர்லீன்தான். தானியக் கிடங்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளாய் வீட்டில் அவன் பேச்சு "ம்", "ஊஹூம்" என்பதோடு சரி. எவனோ எழுதிக் கொடுத்த வசனமாக இருந்தாலும் பரவாயில்லை, மனுஷன் தன்னிடம் நாலு வார்த்தை பேசினால் போதும் என்று ஆகிவிட்டது அவளுக்கு.

இன்றைக்கும் கடைசிப் பக்கத்தைத் தள்ளிப்போடப் பார்த்தான். தினமும் ஏதாவது சாக்கு. தலைவலி, ஹாக்கி மேட்ச், வாசலில் பனி அள்ள வேண்டும். அவள் விடவில்லை. புத்தகத்தை மேஜையில் விரித்து, தன் வரியை விரலால் தேடிப் பிடித்தாள்.

"என்னை விட்டுட்டுப் போயிடுவியா?" என்று படித்துவிட்டு, வெந்துகொண்டிருந்த ஆப்பிள் பை பலகாரத்தை எடுக்க அடுப்புப் பக்கம் திரும்பினாள்.

பின்னால் சத்தமே இல்லை.

"உன் முறைதான். நாக்கை எங்க வச்சிட்டு வந்தே?"

"இங்க பேச்சு இல்ல, அர்லீன். பதில் சொல்லாமல் நிற்கிறான்னு போட்டிருக்கு."

திரும்பிப் பார்த்தாள். நிஜமாகவே எழுந்து நின்றுகொண்டிருந்தான்.

அப்பாடா! மூன்று வாரத்தில் முதல் தடவையாக ஓர் அடைப்புக்குறியை அவனாகவே கண்டுபிடித்து, அதன்படி செய்தும் விட்டான். அவளுக்கு அவனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

கையைத் துடைத்துக்கொண்டு, தன் அடுத்த வரிக்காகப் புத்தகத்தை இழுத்தாள்.

வெண்டல் பக்கத்தின் மேல் கையை வைத்தான். "முதல்ல சாப்பிட்டுடலாமே. ஆறிடும்."

"ஆறட்டும்" என்று அவன் கையை விலக்கினாள்.

அவள் கேள்விக்குக் கீழே அடைப்புக்குறியே இல்லை. அவன் பேச வேண்டிய வசனம் அச்சாகியிருந்தது. ஒரே வரி.

"மாட்டேன். உன்னை விட்டுட்டு நான் எங்க போவேன்?"