சொல்லிக்கொள்ளாமல் போனவள்

துணிக்கடை இணையதளத்தில் சுகந்தி நுழைந்ததும், அவள் போகும்வரை கூடவே இருந்து, அவள் எடுப்பதை நினைவில் வைத்துக்கொள்ள ஒரு செஷன் பிறந்தது. அவள் எடுத்த மஞ்சள் கவுனைக் கையில் ஏந்திக்கொண்டது. திடீரென்று அவளைக் காணோம்.

"அதை எங்கிட்ட குடு, பத்திரமா எழுதி வெக்கிறேன்" என்றது டேட்டாபேஸ்.

"வேண்டாம்க்கா. லாக்அவுட் பண்ணாமத்தானே போயிருக்காங்க? இதோ வந்துடுவாங்க."

"இங்க யாருமே சொல்லிட்டுப் போறதில்லடா."

கொஞ்ச நேரம் ஆள் வராவிட்டால் செஷனைத் துடைத்துவிடுவது சர்வரின் வழக்கம். கவுனோடு சேர்த்துத் துடைத்துவிட்டது.

சாயங்காலம் சுகந்தி திரும்பி வந்தாள்.

"அக்கா, இவங்க யாரு?" என்றது புதிதாகப் பிறந்த செஷன்.

பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாவற்றையும் டேட்டாபேஸ் மளமளவென்று ஒப்பித்தது. அவளுக்காக ஒருவன் காத்திருந்தான் என்று எழுதத்தான் அதனிடம் ஒரு கட்டம்கூட இல்லை.