வாலடியில் ஒரு வெட்டு

காலை எட்டரை மணிக்கு அப்பா தொலைக்காட்சியோடு சண்டை பிடிக்கத் தொடங்கினார்.

கொழும்பிலிருந்து வரும் அந்த நிகழ்ச்சியில் ஒரு பெண் முதலில் திகதி சொல்வாள். பிறகு அன்றைக்கு எந்த நிறத்தில் உடுத்தினால் நல்லது என்று சொல்வாள். இன்று பதினேழாம் திகதி, நீலம்.

நீலத்தில் உடுத்திக்கொண்டு போனால் சென்றியில் நிற்கிற ஆமிக்காரன் அடையாள அட்டை கேட்க மாட்டானா என்று அப்பா அவளிடம் கேட்டார். அவள் சிரித்தாள். அது அவருக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

நான் படிவத்தோடும் பேனாவோடும் அவருடைய கதிரைக்குப் பக்கத்தில் நின்றேன்.

காணாமற்போனவர்களைப் பதிகிறவர்கள் மாதத்தில் ஒரு நாள்தான் திருகோணமலைக்கு வருவார்கள். பத்து மணிக்குள் கொடுத்துவிட வேண்டும். தகப்பன் கையெழுத்து என்ற இடம் மட்டும் மூன்று மாதமாக வெறுமையாகக் கிடந்தது.

அண்ணா ரெறன்ஸ் கொழும்புக்குப் போய் ஏழு மாதம். இங்கே ஆமி பெடியங்களைப் பிடிக்கத் தொடங்கிய கிழமை, அம்மாதான் அவனை பஸ் ஏற்றிவிட்டார். போன புதிதில் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தரம் போன் எடுத்தான். ஒரு வேலை சரிவரும் போல இருக்கிறது என்றான். அடுத்த கிழமை அவன் தங்கியிருந்த லொட்ஜைப் பொலிஸ் சுற்றி வளைத்து ஆட்களைக் கொண்டுபோனதாகக் கேள்விப்பட்டோம். அதற்குப் பிறகு ஒரு கதையும் இல்லை.

ஒட்டுக் கேட்பார்கள் என்று பயந்துதான் போன் எடுக்காமல் இருக்கிறான் என்பார் அப்பா. அப்படியே இருக்கட்டும் என்றுதான் எனக்கும் ஆசை. ஆனால் ஏழு மாதம்.

“கையெழுத்தை வையுங்கோ அப்பா, நேரம் போகுது.”

அப்பாவுக்குக் கேட்கவில்லை. அல்லது கேட்டது.

இப்போது குஷன் உறைகள். சோபாவின் நிறத்துக்கும் யன்னல் சீலையின் நிறத்துக்கும் பொருத்தமாக எடுக்க வேண்டுமாம். எங்கள் வீட்டில் இரண்டு பிளாஸ்டிக் கதிரையும், ஷெல் விழுந்த நாளிலிருந்து கண்ணாடி இல்லாத ஒரு யன்னலும் இருந்தன. அப்பா அந்த விபரத்தை அவளுக்கு ஆறுதலாக, ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார்.

பிறகு கண்ணில் வெள்ளரிக்காய் வைத்தார்கள். தின்னுகிற சாமானைக் கண்ணில் வைக்கிறாள் என்றார்.

பிறகு மனச்சோர்வு போக விடியற்காலையில் கடற்கரையில் வெறுங்காலோடு நடக்கச் சொன்னாள். அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. எங்கள் கடற்கரையில் முள்ளுக்கம்பி. கடலுக்குத் தொழிலுக்குப் போகத் தடை. முப்பது வருடம் சந்தையில் மீன் வெட்டினவருக்கு வெட்ட மீன் இல்லை. அதனால்தான் அம்மாவும் நானும் ஒவ்வொரு காலையும் இந்த நிகழ்ச்சியையும் அதற்கு இவர் சொல்லும் மறுமொழிகளையும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

பிடிக்காவிட்டால் நிற்பாட்டுங்கள் என்று எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்துவிட்டேன். பார்த்தால்தானே ஏச முடியும் என்பார்.

எல்லாவற்றிலும் மோசம் சமையல். அதிலும் மீன் சமைக்கிற நாள் வந்தால் வீட்டில் இருக்க ஏலாது. செவுள் எடுத்தது பிழை, செதிள் சீவினது பிழை, கத்தி பிடித்தது பிழை. அண்ணா அவரிடம் தொழில் பழகிய காலத்திலும் இப்படித்தான். கத்தி பிடிக்கத் தெரியாதவன் என்று சந்தை முழுக்கக் கேட்கத் திட்டுவார். அண்ணா மூஞ்சையை நீட்டிக்கொண்டு, தன் பாட்டுக்கு வெட்டுவான். வீட்டுக்கு வந்தும் அதே சண்டை தொடரும்.

இன்று மீன்தான்.

பெரிய ஹோட்டல் ஒன்றின் சமையற்காரர் வெள்ளைத் தொப்பியோடு வந்து நின்றார். தட்டில் முழு விளைமீன் ஒன்று கிடந்தது. விடியவே தங்கள் குசினியில் வெட்டித் துப்புரவாக்கிக் கொண்டுவந்தது என்றார்.

நான் படிவத்தை அப்பாவின் மடியில் வைத்து, அதன் மேல் பேனாவையும் வைத்தேன். மணி ஒன்பது இருபது. பெற்ற பிள்ளையின் பெயரைப் பதிவதற்கு ஒரு மீன் சமைத்து முடியும்வரை காத்திருக்க வேண்டும் என்று நினைக்க, கோபத்தில் எனக்கு அழுகை வந்தது. திட்டி முடியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பித் திரையைப் பார்த்தேன். மீனைக் கிட்டக் காட்டினார்கள்.

வாலடியில், நடுமுள் வரைக்கும் ஒரு குறுக்கு வெட்டு. பொரிக்கும்போது வால் சுருளாமல் இருக்க அப்பா போடும் வெட்டு. எங்கள் சந்தையில் வேறு ஒருவரும் அதைப் போடமாட்டார்கள். வேலை மினக்கேடு என்பார்கள்.

விலாவில் மூன்று கீறல். அப்பாவின் கீறல்கள் தலைப் பக்கம் சாயும். இவை மூன்றும் வால் பக்கம் சாய்ந்திருந்தன.

திரையின் மூலையில் நேரடி ஒளிபரப்பு என்று எழுதியிருந்தது.

அப்பா எழும்பினார். படிவமும் பேனாவும் நிலத்தில் விழுந்தன. தொலைக்காட்சிக்குக் கிட்டப் போய், கண்ணாடியில் அந்த வாலடியைத் தொட்டார். பிறகு குசினியில் நின்ற அம்மாவுக்குக் கேட்கும்படி, வழக்கமான கோபத்தோடு திட்டினார்.

“எத்தினை தரம் சொன்னனான். இன்னும் இடக்கையாலதான் வெட்டுறான்.”

அம்மா ஈரக்கையோடு ஓடி வந்தார்.

கொழும்பில் எத்தனை இடக்கைக்காரர்கள் இருப்பார்கள் என்று கேட்க வாயெடுத்தேன்.

மீன் போய் சவர்க்கார விளம்பரம் வந்தது. அப்பாவின் விரல் கண்ணாடியில் அதே இடத்தில் இருந்தது.

நான் குனிந்து பேனாவை எடுத்து மூடினேன்.