கிழ எலி

மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் அடக்கம் முடிந்தது. ஆஞ்சப்பன் குழியை மிதித்துச் சமன் செய்து, மேலே ஒரு கூடைச் சாணத்தையும் கொட்டினார். அழுவதற்கு நேரமில்லை. மறுநாள் மகள் காவேரிக்குக் கல்யாணம்.

"இன்னிக்கும் விழுந்துச்சா?" என்றாள் மனைவி கெம்பம்மா.

"ஒண்ணே ஒண்ணு. கிழ எலி. வயசாகிச் செத்திருக்கு."

"நேத்தும் கிழ எலின்னுதானே சொன்னீங்க?"

"இது அதோட பொண்டாட்டியா இருக்கும். துக்கம் தாங்காம போயிருக்கும். இல்லேன்னா மைசூர் எலி. ராகி மூட்டையோட எல்லை தாண்டி வந்து செத்தா, அது நம்மூரு கணக்குல சேராது."

எலி செத்து விழுந்தால் பின்னாலேயே பிளேக் வரும். ஓசூர்ச் சீமையில் இது தெரியாதவர் கிடையாது. யார் வீட்டில் விழுந்தாலும் ஊர்க்கவுண்டரிடம் சொல்லிவிட வேண்டும். ஊரே வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே கொல்லைமேட்டில் குடிசை போட்டுக்கொள்ளும்.

எலி விழுந்த ஊரில் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள். போன வருஷம் காவேரிக்கு நிச்சயமானது அப்படித்தான் முறிந்தது. அதற்கப்புறம் ஒருநாள் அவள் கிணற்றை வெறித்தபடி நின்றதை ஆஞ்சப்பனால் மறக்க முடியவில்லை.

"நேத்து சுகாதார இன்ஸ்பெக்டரு பிளேக் ஊசியோட வாசலுக்கே வந்தாரே! எலி விழுந்துச்சான்னு கேட்டவருகிட்ட, 'எங்கூரு எலிங்க குஸ்தி போடுதுங்க'ன்னு சொல்லி அனுப்பிட்டீங்களே..."

"ஊசி போட்டா கை வீங்கும், காய்ச்சல் வரும். பந்தியில யாரு பரிமாறுறது? பக்கத்து வீட்டு மாரம்மா மாமியார் ஊசி போட்டுக்கிட்டுத்தானே செத்தாங்க?"

"அவங்க மாடு முட்டிச் செத்தாங்க!"

"ஊசிக்கு அப்புறந்தானே முட்டுச்சு?"

கெம்பம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். "நம்ம ஜனத்துக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

"தாலி ஏறட்டும். ஏறின உடனே நானே தமுக்கடிச்சுச் சொல்லிடறேன். ஒரு நாள்தான் கெம்பா. ஒரு நாள்ல என்ன ஆயிடப்போவுது?" சிரிக்கப் பார்த்தார்.

வாசலில் மாட்டு மணிச் சத்தம் கேட்டது. காலையில் வரவேண்டிய மாப்பிள்ளை வீட்டு வண்டிகள், இப்போதே வந்து வரிசையாக நின்றன. மேளம் இல்லை, சீர்த்தட்டு இல்லை. வண்டி நிறைய ஆட்டுக்கல், கோழிக்கூடை, பானை சட்டி. கடைசி வண்டியில் படுத்த படுக்கையான ஒரு கிழவர்கூட இருந்தார்.

ஆஞ்சப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "பார்த்தியா? ஒரு பொழுது முந்தியே வந்துட்டாங்க! எழுந்திரிக்க முடியாதவரைக்கூட விட்டுட்டு வரல. இந்தச் சம்பந்தம் இனி முறியாது."

மாப்பிள்ளையின் அப்பா வெங்கடப்பன் இறங்கி வந்தார். தூங்கிக்கொண்டிருந்த பேரக்குழந்தையை, குழி மண் இன்னும் காயாத ஆஞ்சப்பனின் கைகளில் கொடுத்துவிட்டு, நிம்மதியாக மூச்சு விட்டார்.

"எங்கூர்ல எலி விழுந்துருச்சு சம்பந்தி, இந்தச் சுத்துவட்டத்துல உங்கூரு ஒண்ணுதான் சுத்தம்னு இன்ஸ்பெக்டரு சொன்னாரு, குடும்பத்தோட வந்துட்டோம்!"