ஃபியூஸ்

பங்காருபாளையத்தில் மூடிக்கிடந்த மாங்கூழ் ஆலையின் தொட்டியில் ஸ்ரீஹரி அந்த ராட்சச மிக்சியைக் கட்டியிருந்தான். பிரிட்ஜ், பைக், பீரோ என்று எதையாவது போட்டு அரைப்பான். யூடியூபில் ஜனங்கள் ரசித்துப் பார்த்தார்கள். சுவிட்ச் அவன் மனைவி காவ்யாவின் பொறுப்பு. பிளேடைச் சுத்தம் செய்ய இறங்குகிறவர் ஃபியூஸைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவள் போட்ட விதி.

அன்று அரைப்பதற்கு ஒரு பழைய ஆட்டோ வந்திருந்தது. ஸ்ரீஹரி ஃபியூஸோடு தொட்டிக்குள் இறங்கினான்.

"சீக்கிரம் ஏறி வா மாமா. பயமா கீது."

"சட்னி அரைக்கவே பயப்படறவதானே நீ," என்று உள்ளிருந்து சிரித்தான். பிளேடைச் சுரண்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

கேட் திறந்தது. ஸ்ரீஹரி பிளாஸ்கில் டீ வாங்கிக்கொண்டு வந்தான்.

"நீ எப்ப மேல வந்த?" என்றாள் காவ்யா.

"அப்பவே வந்துட்டேனே. நீ போன் பார்த்துக்கினு இருந்த." சட்டைப்பையிலிருந்து ஃபியூஸை எடுத்து மாட்டினான். "சுவிட்சைப் போடு."

சுரண்டும் சத்தம் நின்றது.

"காவ்யா, யார்கிட்ட பேசிக்கினு கீற?" என்றது தொட்டிக்குள்ளிருந்து அதே குரல்.

"போடு," என்றான் பக்கத்தில் நின்றவன்.

"ஃபியூஸ் என் ஜோபிலதான் கீது, பயப்படாத," என்றது குரல்.

காவ்யா ஃபியூஸைப் பிடுங்கிக் கைக்குள் இறுக்கிக்கொண்டாள். பக்கத்தில் நின்றவன் இரண்டு கப்பில் டீ ஊற்றினான். தொட்டியின் ஏணியில் ஒருவர் ஏறி வரும் சத்தம் கேட்டது.

அவன் மூன்றாவது கப்பை எடுத்து வைத்தான்.