சுவரில் கிடைத்த பெயர்

"என்னைக் கொன்னது இங்க யாரு?"

காமிக்ஸ் ஆபீஸ் வாசலில் நின்ற பெரியவர் அவர்கள் போடும் காமிக்ஸின் பன்னிரண்டாம் இதழைச் சுருட்டிக் கையில் பிடித்திருந்தார். லிஃப்ட் பழுது. நாலு மாடி ஏறி வந்தும் அவருக்கு மூச்சு வாங்கவில்லை, குரல் மட்டும் நேப்பிள்ஸ் துறைமுகம் வரைக்கும் கேட்டிருக்கும்.

ஆசிரியர் ருஜ்ஜேரோ நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். "யாருங்க நீங்க?"

"அனியெல்லோ ஸ்கொத்தோ. கள்ளக்கடத்தல் பண்ணேன், கடைசில இஸ்கியா தீவுக்குப் போற கப்பல்லருந்து என்னைக் கடல்ல தள்ளிவிட்டாங்க. நீங்கதான போட்டிருக்கீங்க? அதுலயும் எனக்கு ரெண்டு பொண்டாட்டியாம்! ஒருத்தியோடயே நாப்பத்தெட்டு வருசமாச்சு."

அடையாள அட்டையை எடுத்து மேசையில் பட்டென்று வைத்தார். பெயர் ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

ஓரத்து மேசையில் இருந்த நூன்சியா தன் நோட்டை மெல்ல இழுப்பறைக்குள் தள்ளினாள். நாற்பத்தாறு வயதில் தபால் ஆபீஸ் வேலையை உதறிவிட்டு, காமிக்ஸ் எழுதக் கற்றுக்கொள்ள வந்தவள் அவள். ஒரு வருடப் பயிற்சியில் பாக்கி ஒரே ஒரு வாரம். அதைத் தாண்டிவிட்டால் வேலை நிரந்தரம்.

முப்பது வயது ருஜ்ஜேரோ முதல் நாளே பாடம் எடுத்திருந்தார். "பேரு வசன பலூனுக்குள்ள அடங்கணும்க்கா. இந்தக் கப்பல்லருந்து கத்தினா அந்தக் கப்பலுக்குக் கேக்கணும். வில்லன் பேரு மட்டும் உயிரோட இருக்கற எவனுக்கும் இருக்கக் கூடாது. ஒருத்தன் கேஸுன்னு வந்து நின்னாலும் மொதலாளி அன்னிக்கே உங்களை வீட்டுக்கு அனுப்பிடுவாரு."

நூன்சியாவுக்கு அது பெரிய காரியமாகவே படவில்லை. இந்த ஊரில் யார் செத்தாலும் தெருச் சுவரில் கறுப்புக் கட்டம் கட்டிச் சுவரொட்டி ஒட்டிவிடுகிறார்கள். வேலைக்கு வரும் வழியில் ஒவ்வொன்றாக நின்று படித்து, வாய்க்கு ருசியான பெயர்களை நோட்டில் எழுதிக்கொள்வாள். பார்க்கிறவர்கள் பாவம், சொந்தக்காரி என்று நினைத்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போவார்கள். செத்தவன் கேஸ் போட மாட்டான் என்பது அவள் தைரியம்.

ருஜ்ஜேரோ சமாதானம் பேசிப் பார்த்தார். "உக்காருங்க, அனியெல்லோ ஐயா. உயிரோட இருக்கறவனைச் செத்துட்டான்னு சொன்னா அவனுக்கு ஆயுசு கூடும்னு நம்ம ஊர்ல சொல்வாங்கல்ல? அப்படி எடுத்துக்கங்களேன்."

"பேச்சை மாத்தாதீங்க தம்பி. எழுதினது யாரு? அதை மட்டும் சொல்லுங்க."

ருஜ்ஜேரோ நூன்சியாவைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்தார். நல்ல மனுஷன், காட்டிக்கொடுக்க மாட்டார். அவளுக்கு அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது. எழுந்து முன்னால் வந்தாள்.

"நான்தாங்க. உங்க பேரு மீன் சந்தைச் சுவத்துல இருந்துச்சு, கறுப்புக் கட்டத்துக்குள்ள. நீங்க போய்ச் சேந்துட்டீங்கன்னு நெனச்சேன்."

"அது எங்க அண்ணன் போஸ்டரும்மா! பெரிய எழுத்துல இருக்கறவருதான் செத்தவரு. கீழ அழுவுறவங்க வரிசைல ரெண்டாவது பேரு நானு."

"பாத்தேங்க. அவசரத்துல எது மேல இருந்தது, எது கீழ இருந்ததுன்னு கவனிக்கல. உங்க பேருதான் கேக்க நல்லா இருந்துச்சு."

சொன்னபோதே அது எவ்வளவு அசட்டுத்தனம் என்று அவளுக்குப் புரிந்தது. ஒரு வருடம் பாடுபட்டது ஒரு சுவரொட்டியில் போயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பையை எடுத்தாள்.

"இவங்க மேல கேஸ் எதுவும் போட்டுடாதீங்க. தப்பு என்னோடது. நான் போயிடறேன்."

"எங்க போறீங்க? பையைக் கீழ வைங்க." பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். முகத்திலிருந்த கடுகடுப்பைக் காணோம்.

"போன நவம்பர்ல டாக்டர் எம் பசங்களைத் தனியாக் கூப்ட்டு, அப்பா கிறிஸ்துமஸைத் தாண்ட மாட்டாருன்னுட்டாரு. அதே வாரம் உங்க புத்தகம் வந்துச்சு. நான் கடல்ல விழுந்து செத்தேன். இப்ப மே மாசம். மாடிப்படி ஏறுறேன், வறுத்த மீன் தின்றேன். டாக்டர்தான் எம் மொகத்தைப் பாக்க வெக்கப்படறாரு."

ருஜ்ஜேரோ 'ஹோ'வென்று சிரித்து, மூன்று காப்பிக்குக் குரல் கொடுத்தார். நூன்சியா சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் பையோடு நின்றாள். பெரியவர் சிரிக்கவில்லை.

சட்டைப் பைக்குள் கையை விட்டு ஒரு போட்டோவை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். அடுப்படியில் நின்று சிரிக்கிற ஓர் அம்மாள். பின்பக்கம் முழுப் பெயரும் பிழையில்லாமல் எழுதியிருந்தது.

"என் வீட்டுக்காரி, எர்சிலியா. நேத்து ஆஸ்பத்திரில சேத்துருக்கோம்."

"அடுத்த இதழ்ல இவளையும் கொன்னுடுங்கம்மா."